மறுமொழி: ‘கெட்ட நம்பிக்கை’ வேண்டாம், ‘தன்னேய்ப்பு’ சரிவருமா?

அன்பின் நண்பர்களே,

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், ஒருவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதை ‘மோவேஸ் ஃபுவா’ (mauvaise foi) என்கிறார். அதற்குத் தமிழாக்கமாகச் சென்ற மடலில் வந்த ‘கெட்ட நம்பிக்கை’ எனக்குச் சரிப்படவில்லை. ‘ஃபுவா’ இந்த இடத்தில் நேர்மை, நாணயம் என்ற பொருளில் வருகிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் அம்மா ஒருவரிடம் ‘கெட்ட நம்பிக்கை’ என்றால், யாரோ செய்வினை வைத்த கதை என்றுதான் நினைப்பார்.

‘பொய்’யும் போதாது. பொய்க்கு இரண்டு பேர் வேண்டும். உண்மையை அறிந்து மறைப்பவரும் அறியாமல் ஏமாறுபவரும் ஒரே ஆளாகிவிடும் நிலையைத்தான் 1943இல் வந்த சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ நூல் பேசுகிறது. அதில் வரும் பாரிஸ் காப்பிக்கடைப் பரிசாரகரின் நடை கொஞ்சம் கூடுதல் வேகம், பணிவும் கொஞ்சம் கூடுதல். தான் பரிசாரகரேயன்றி வேறில்லை என்று நடிக்கிறார்.

பாரிஸ் வரை போவானேன்? திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் பல வருடம் மேசைக்குப் பின்னால் இருந்தவன் நான். பெயரில் ஒரு எழுத்துப் பிழையென்று ஒரு வயோதிபர் மூன்றாம் தடவை வந்து நின்றார். “என்ன ஐயா செய்யிறது, விதி அப்படி” என்றேன். திருத்தும் படிவம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பேனாவை மூடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் விதி அப்படித்தான் என்று எனக்கே பட்டுவிட்டது. (சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல் இருப்பது எங்களுக்கு எவ்வளவு வசதி!)

தன் நெஞ்சு அறிந்தே சொல்லும் பொய் என்ற பொருளில் ‘நெஞ்சறிபொய்’ அழகான சொல்தான், 293ஆம் குறளில் கால் ஊன்றியது. ஆனால் குறளில் பொய்த்தவனை அவன் நெஞ்சே சுடும். எனக்குச் சுடவில்லை, அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் ஈழத்துப் பேச்சில் ஏமாற்றுவதற்குப் ‘பேய்க்காட்டுதல்’ இருக்கிறது. ‘தன்னையே பேய்க்காட்டுறான்’ என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள்தான் பேயைத் தேடுவார்கள். ஆகவே தன் + ஏய்ப்பு, ‘தன்னேய்ப்பு’. ‘ஏமாற்றம்’ என்று போனால் மனம் உடைந்த பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தயக்கம் மட்டும். “நான் கோபக்காரன், பிறவிக்குணம்” என்று ஒருவர் மனந்திறந்து ஒப்புக்கொள்வதையும் சார்த்தர் இதில் சேர்க்கிறார். தன்னைக் கல்லைப்போல முடிந்த பொருளாக்கிவிட்டு, மாறும் பொறுப்பிலிருந்து நழுவுவதால். அந்த ஒப்புதலை ‘ஏய்ப்பு’ என்றால் வாசகர் ஏற்பாரா? இலக்கணம் அறிந்தவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் சொல்லுங்கள்.