மூணு புள்ளி ஃபங்ஷன்ல ஒரு மூட்டை காணாமப் போச்சு. உங்களுக்கும் நடந்திருக்கா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கொப்பரை மண்டிக்கு சி மொழியில பில் போடுற புரோகிராம். எத்தனை எடை வந்தாலும் கூட்டணும்னு ஃபங்ஷனுக்கு முதல்ல எண்ணிக்கை, அப்புறம் மூணு புள்ளி, அதாவது எத்தனை மதிப்பு வேணாலும் கொடுக்கலாம்; உள்ளே அடுத்தடுத்த மதிப்பை எடுக்குற விஏ_ஆர்க் வச்சு எல்லாத்தையும் டபுளா (தசம எண்ணா) எடுத்தேன். ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அன்னிக்குக் கூட்டம். ஒரு மூட்டையைப் பழைய தராசுல போட்டாங்க. அது முழுக் கிலோதான் காட்டும், அதுக்கு இன்ட் (முழு எண்) வச்சிருந்தேன். 52.5, 48.0, 40, 51.5. சீட்டுல வந்தது 152.0.

பெரியவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடிச்சுப் பார்த்தார். "தம்பி, நாலு மூட்டை போட்டனுங்க, மூணுக்குத்தான கணக்கு வருது?" அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. 64 பிட் இன்டெல் லினக்ஸ்ல இன்ட் ஒரு ரெஜிஸ்டர் (பிராசஸருக்குள்ள மதிப்பு வைக்குற இடம்) வரிசையில போகும், டபுள் வேற வரிசையில. 40 அந்தப் பக்கமே நின்னுடுச்சு. கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரலை.

நகரி தறி:
எனக்குப் பைத்தான்ல. அங்க மூணு புள்ளி மாதிரி இருக்கிறது ஸ்டார் ஆர்க்ஸ். அந்த ஃபங்ஷனுக்கு 32 தறி இருக்கிற லிஸ்ட்டை அப்படியே கொடுத்துட்டேன், லிஸ்ட்டைத் தனித்தனியாப் பிரிச்சுக் கொடுக்குற ஸ்டாரைக் கூப்பிடுற இடத்துல போடலை. "ஓடின தறி: 1". முதலாளி அந்த 1 மேல விரலை வச்சுட்டு ஒண்ணும் பேசலை. ஆனாலும் சொல்றேன், பைத்தானுக்கு மாறிடுங்க. இந்த டைப் தொல்லை கிடையாது.

செங்கோட்டை:
நகரி, மொழியை மாத்தினா தீர்ந்துடுமா? உங்களுக்கும்தானே தப்பு வந்துச்சு? எனக்கு சி-ல இன்னொரு புரோகிராமை ஓட்டுற எக்ஸிஎல் ஃபங்ஷன்ல, முடிவு அடையாளமா கடைசியில வெறும் 0 போட்டதுல ஒரு ராத்திரி போச்சு. ஆர்க்யூமென்ட் (கொடுக்குற மதிப்பு) ஆறைத் தாண்டினதும் 0 ரெஜிஸ்டர்ல இல்லாம மெமரியில இருக்கிற ஸ்டாக்குக்குப் போய், மேல் 32 பிட்ல குப்பை. அந்த 0-வை 64 பிட் கேரக்டர் பாயின்டரா காஸ்ட் பண்ணதும் (வகை மாத்தினதும்) சரி.

கொழிஞ்சாம்பாறை, உங்களுக்குச் சொல்றேன். மூணு புள்ளிக்குப் பின்னாடி வர்ற டைப்பை சி பார்க்கவே பார்க்காது. ஃப்ளோட் கொடுத்தா டபுளாகும், கேர், ஷார்ட்ங்கிற சின்ன முழு எண் வகை ரெண்டும் இன்ட் ஆகும், அவ்வளவுதான். இன்ட் தானா டபுள் ஆகாது. ஜிசிசி கம்பைலர்ல வகையைச் சரிபார்க்க ஃபார்மட் ஆட்ரிப்யூட் இருக்கு, ஆனா அது பிரிண்ட்எஃப் மாதிரி ஃபார்மட் சரம் வாங்குற ஃபங்ஷனுக்குத்தான் உதவும். எல்லாம் ஒரே வகை எண்ணுன்னா மூணு புள்ளியே வேண்டாம். டபுள் அரே (ஒரே வகை மதிப்புகளோட வரிசை), கூடவே எண்ணிக்கை. அரேக்குள்ள 40 போட்டா அது 40.0 ஆயிடும். வேற எங்காவது மூணு புள்ளி வச்சா, படிச்சு முடிச்சதும் போடுற விஏ_எண்ட் மறக்காதீங்க. எண்ணிக்கையைக் கையால எழுதாதீங்க, அதுவும் ஒரு நாள் தப்பும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அரேவா மாத்தியாச்சுங்க. இப்ப அன்னைய சீட்டு நகலை எல்லாம் எடுத்து வச்சுப் பார்த்துட்டு இருக்கேன். பழைய தராசுல போட்ட மூட்டை இன்னும் மூணு பேருக்கு இருக்கு. ஒருத்தர் வேலந்தாவளம் தாண்டி இருக்கார். நாளைக்குப் பணத்தோட நேர்ல போறேன்.