ஒரே விதி, ஆளுக்கு ஆள் வேறு நடப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாலக்கோடு தக்காளிக்காரர்

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது இது. எழுதி வைத்த விதி ஒன்றாக இருந்தும், ஆளைப் பார்த்து அது மாறுவதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம். ஆள் பெயர், வங்கி பெயர், கம்பெனி பெயர் எதுவும் போட வேண்டாம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நகை விவசாயக் கடனில் வங்கியில் இருக்கிறது. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி, திருப்பி வைத்துவிடுவோம். தக்காளி போடுகிற வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது. ஒரு வருஷம் மண்டியில் அடித்துப் பிடித்து வாங்குவார்கள், மறு வருஷம் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் செடியோடு விட்டுவிடுவோம். நகை வங்கியில் இருப்பதால்தான் அடுத்த நாற்றுக்கும் உரத்துக்கும் பணம் புரள்கிறது.

2025-ல் திருப்பி வைக்கப் போனால், "இனி அப்படி முடியாதுங்க. அசல், வட்டி மொத்தமும் கட்டி நகையை எடுத்துக்கோங்க. நாளைக்குப் புதுசா வைங்க" என்றார்கள். மொத்தப் பணம் கையில் இருந்தால் நான் ஏன் அடகு வைக்கிறேன்? எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். சுருக்குப் பையிலிருந்து ரசீதை எடுத்து, நான்காக மடித்திருந்ததைப் பிரித்து, கவுன்டர் மேல் கையால் நீவி நீவி வைத்தார். "வட்டி கொண்டாந்திருக்கேன் சாமி, போன வருஷம் வாங்கிக்கிட்டீங்களே" என்றார். கவுன்டரில் இருந்த பையன் நல்லவன்தான், தலையைக் குனிந்துகொண்டு "விதி பாட்டி" என்றான். வெளியே ஸ்டேண்டில் ஒருவர் இதற்காகவே நிற்கிறார். இன்று பணம் கொடுத்து நகையை மீட்க வைப்பார், நாளை மறு அடகு வைத்ததும் அவர் பணத்தையும் ஒரு நாள் வட்டியையும் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு நாள் வட்டி, வங்கி வட்டியில் பல மாதத்துக்குச் சமம்.

நான் வரிசையில் நின்ற நேரத்தில் மேனேஜர் அறையில் வேறு ஒரு பேச்சு நடந்தது. கதவு திறந்துதான் இருந்தது. பெரிய தொழில்காரர். அவருடைய கடன் தவணை நின்று பல மாதமாகிவிட்டது, அதை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் டீ கொண்டுபோனார்கள். அவருக்குச் சலுகை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழில் நொடித்தால் நூறு பேருக்கு வேலை போகும், அது எனக்கும் தெரியும். அசல் முழுசும் கட்டாமல் கடனைத் தொடர அவருக்கு ஒரு வழி இருந்தால், பாட்டிக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருஷத்தில் வங்கிகள் கணக்கிலிருந்து தள்ளிவைத்த வராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். தள்ளிவைத்தாலும் வசூல் தொடரும் என்கிறார்கள், கணக்குப்படி அது சரி. ஆனால் 2023 ஜூன் 8-ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையில், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடுகூட வங்கிகள் சமரசம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. குறைந்தது 12 மாதம் கழிந்தால் அவர்கள் மறுபடி கடன் கேட்கவும் வழி உண்டு. வட்டியைக் கையில் கொண்டுவந்தவருக்கு மட்டும்தான் சமரசமே கிடையாதா?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

அண்ணா, நீங்கள் தக்காளி, நான் மா. எங்கள் பக்கம் மாங்கூழ் ஆலைக்குப் போவதில் பெரும்பகுதி பெங்களூரா ரகம்தான். 2025 சீசனில் கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை போனால் கையில் ஒன்றும் நிற்காது.

அதே சீசனில் ஆந்திராவில் ஒரு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாய் அரசு போடும். வெளிமாநிலக் காய் சித்தூருக்குள் வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். கர்நாடக முதல்வர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு கர்நாடக விவசாயிகளுக்கு 2.5 லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள். மண் ஒன்று, மழை ஒன்று, காய் ஒன்று. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மரம் இருந்தால் ஒரு விலை, இந்தப் பக்கம் இருந்தால் ஒரு விலை.

நேரில் பார்த்ததைக் கேட்டீர்களே, அதையும் சொல்கிறேன். ஆலை வாசலில் "டோக்கன் வரிசைப்படி மட்டும்" என்று போர்டு இருக்கிறது. ராத்திரி முழுக்க டிராக்டர் வரிசையில் நின்றோம். வெயில் ஏறியதும் அடியில் இருந்த காய் நசுங்கிச் சாறு ஒழுக ஆரம்பித்தது, டயர் முழுக்க ஈ. பதினோரு மணி வாக்கில் பின்பக்க கேட் வழியாக மூன்று லாரி நேராக உள்ளே போனது. கேட்டதற்கு, "அவங்க பெரிய பார்ட்டி, டோக்கன் முன்னாடியே வாங்கிட்டாங்க" என்றார் வாட்ச்மேன். முன்னாடியே டோக்கன் கொடுப்பார்கள் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே! எங்கள் முறை வந்தபோது, "காய் பழுத்துடுச்சு" என்று எடையில் கழிவு பிடித்தார்கள். காக்க வைத்ததும் அவர்கள், காத்திருந்ததால் பழுத்ததற்குக் கழிவு பிடித்ததும் அவர்கள். பக்கத்து டிராக்டர்காரர் காயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரம் கொட்டிவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, வீட்டில் மருந்துக்கடை பாக்கி இருந்தது.

விலை ஏறும் இறங்கும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் போர்டில் எழுதியிருப்பதை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி செய்திருந்தால் என் காய் பச்சையாகவே உள்ளே போயிருக்கும்.

பென்னாகரம் தன்னார்வலர்

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். விதியை எல்லோருக்கும் ஒன்றாக வைத்தாலே நியாயம் வந்துவிடும் என்று நானும் நம்பினேன். மகளிர் உரிமைத் தொகை பதிவு முகாமில் வேலை செய்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். விதிகள் தெளிவாக இருந்தன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், சொந்தமாகக் கார், டிராக்டர் இருக்கக் கூடாது. யார் கேட்டாலும் இதே பதில்தான். எங்கள் முகாமில் யாருக்காகவும் யாரும் வளைக்கவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

ஒரு அக்கா வந்தார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, இவர் நூறு நாள் வேலை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிட்டது. விசாரித்துப் பார்த்தால் கூட்டுப் பட்டா. தாத்தா காலத்து மானாவாரி நிலம் பன்னிரண்டு ஏக்கர், பங்காளிகள் நிறைய, பாகப் பிரிவினை ஆகவே இல்லை. கணக்கில் மொத்தமும் இவர்கள் வீட்டு நிலமாகத் தெரிந்திருக்கிறது. இவர்கள் உழுவது ஒன்றரை ஏக்கர், அதுவும் மழை பெய்தால் கேழ்வரகு, இல்லாவிட்டால் தரிசு. பிரித்துப் பத்திரம் போட சர்வேயருக்கும் பத்திரச் செலவுக்கும் பணம் வேண்டும், எல்லாப் பங்காளியும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அதே தெருவில் நல்ல வசதியான வீடு ஒன்று. நிலம் அப்பா, மகன், மருமகள் பெயரில் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாடகை வீடுகளுக்குத் தனித்தனி மீட்டர். கார் மச்சான் பெயரில். அவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை, காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. அவர்களுக்குத் தொகை வந்தது. காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளவே காசு வேண்டும். அது இல்லாதவர் மேல் ஒரே விதியும் வேறு மாதிரி விழுகிறது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போட்டோம். வி.ஏ.ஓ. நேரில் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினார். தொகை கிடைத்துவிட்டது. ஆனால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதே தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ.

தர்மபுரி கல்லூரி ஆசிரியர்

தங்கை சொன்னது ரொம்பச் சரி. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய், 2022 அக்டோபரிலிருந்து. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அதிகபட்சக் கூலி ஒரு நாளுக்கு 336. அப்படியானால் அந்த அபராதம் ஒரு கூலித் தொழிலாளிக்கு மூன்று நாள் உழைப்பு. கிரானைட் குவாரி வைத்திருப்பவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இல்லை. பின்லாந்தில் வேகமாக ஓட்டிப் பிடிபட்டால் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். குற்றம் ஒன்று, வலியும் ஒன்றாக இருக்கட்டும் என்ற கணக்கு.

வரியிலும் இதே கதைதான். பற்பசைக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, கூலிக்காரரும் கோடீஸ்வரரும் அதே அளவுதான் கட்டினார்கள். ஆனால் சொத்து வரி, அதாவது பெரும் பணக்காரர்களின் மொத்தச் சொத்து மேல் இருந்த வரி, 2015 பட்ஜெட்டில் எடுக்கப்பட்டது. வாரிசுச் சொத்து மேல் இருந்த வரி 1985-லேயே போய்விட்டது. உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2022-23-ல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதம் பேர் கையில் இருந்தது. பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் பையன்கள் என்னையே பார்க்கிறார்கள். அவர்களில் பலர் ராத்திரி ஓட்டல் வேலை முடித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவர்கள்.

அரூர்க்காரி

நீங்கள் எல்லோரும் காசு விஷயத்தைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு சட்டம் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வாச்சாத்தி. சித்தேரி மலை அடிவாரத்தில், மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர். சந்தன மரம் கடத்துகிறார்கள் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், ஊர்க்காரர்களைச் சிறையில் அடைத்தார்கள்.

சந்தனக் கட்டையை லாரியில் ஏற்றி விற்றுப் பணம் பண்ணியவர்கள் யார்? கூலிக்கு வெட்டப் போனவர்கள் மேல் பாய்ந்த சட்டம் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகவே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். அவர்கள் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு சொன்னது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே இந்த மக்களைப் பலிகொடுத்தார்கள் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மா வாச்சாத்தியில் பலரை அறிந்தவர். "முப்பது வருஷம் ஆச்சு, ஆனா விடலை பாரு அந்தப் பொம்பளைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இளம் பெண்ணாக வழக்குக்குப் போனவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகு நியாயத்தைப் பார்த்தார்கள். மரம் வாங்கின பெரிய கைகள் ஒருவரையும் கூண்டில் நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை.

ஊத்தங்கரை ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

அரூர் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு உடனே வேறு பேச மனம் வரவில்லை. இருந்தாலும் பாலக்கோட்டுத் தம்பிக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நகைக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கியும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தது. விவசாயம், தொழிலுக்கு அல்லாமல் சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் என்றால், 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் தரலாம். சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுக் கடனைப் புதுப்பிக்கவும் அதில் இடம் இருக்கிறது. முழுப் பணமும் கட்டியபின் நகையை 7 வேலை நாளுக்குள் திருப்பித் தராமல் வங்கி தாமதித்தால், நாள் ஒன்றுக்கு 5000 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

கவுன்டரில் வாயால் "விதி" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முடியாது என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

பாலக்கோடு தக்காளிக்காரர்

ரொம்ப நன்றிங்க ஐயா. திங்கட்கிழமை எழுதிக் கொண்டுபோகிறேன். எங்கள் தெருவில் இதே நிலையில் இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன், தனித்தனியாகப் போனால்தான் நம்மை அலையவிடுகிறார்கள். என்ன பதில் வந்தாலும் இங்கேயே போடுகிறேன்.