பாரிஸில் 6 இரவு: லிஃப்ட் இல்லாத ஸ்டுடியோவா, கொஞ்சம் தள்ளி இரண்டறை வீடா?

காவேரிக்கரை:

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் நானும் அம்மாவும் பாரிஸ் போகிறோம். டூர் கம்பெனி இல்லை, நாங்களே ஏற்பாடு செய்து போகிறோம். செவ்வாய் காலை சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி அடுத்த திங்கள் மதியம் கிளம்புகிறோம். அம்மாவுக்கு 64 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு. ஒரு வேளையாவது சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பதால் ஹோட்டல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இணையத்தில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, 10ஆம் வட்டாரத்தில் கார் துய் நோர் நிலையத்துக்குப் பக்கம். ஸ்டுடியோ, 17 சதுர மீட்டர், ஆறாவது மாடி, லிஃப்ட் இல்லை. கழிப்பறை ‘சானிப்ருவாயர்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, 13ஆம் வட்டாரத்தில் ஒலாம்பியாத் மெட்ரோவுக்குப் பக்கம். ‘டி2’ என்கிறார்கள், 38 சதுர மீட்டர், 14ஆவது மாடி, லிஃப்ட் உண்டு. ஓர் இரவுக்கு 25 யூரோ கூடுதல்.

6 இரவுக்கு 150 யூரோ வித்தியாசம் வருகிறது. அதற்குத் தகுமா? ‘டி2’, ‘சானிப்ருவாயர்’ என்றால் என்ன? விசாவுக்கு இந்த மாதிரி வீட்டு முன்பதிவு போதுமா? இங்கிருந்து குக்கர் எடுத்துப் போகலாமா?

பயணப்பை:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது முதல் வீட்டை யோசிக்கவே வேண்டாம் என்பேன். பாரிஸின் பழைய கட்டடங்களில் ஆறாவது மாடி என்பது அந்தக் காலத்தில் வேலையாட்கள் தங்கிய அறைகள் இருந்த தளம். மாடிக்கு 17, 18 படி வீதம் 100 படிக்கு மேல் வரும். பல இடங்களில் முன்பக்கத்து அகலமான படிக்கட்டு அந்தத் தளம் வரை போகாது. பின்பக்கம் ஒடுங்கிச் சுழன்று ஏறும் படியில்தான் போகவேண்டும். 23 கிலோ பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கும். மேலே நேராகத் துத்தநாகத் தகட்டுக் கூரை. ஏசி இருக்காது. ஆகஸ்டில் வெயில் அடித்தால் இரவு 11 மணிக்கும் அறை சூடு தணியாது.

டி2 என்பது முக்கிய அறைகளின் எண்ணிக்கை. சமையலறை, குளியலறை கணக்கில் வராது. ஆக டி2 என்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை. நம் ஊர் ஒன் பிஎச்கே. 38 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 409 சதுர அடி. முதல் வீடு 183 சதுர அடிதான், அதற்குள் கட்டில், அடுப்பு, ஷவர் எல்லாம். அதில் ‘இரண்டு பேர் படுக்கலாம்’ என்றால் ஒருவர் மடக்கு சோபாவிலோ, ஏணி வைத்து ஏறும் பரணிலோ படுக்க வேண்டும். படங்களில் ஏணி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒலாம்பியாத் பகுதி 1970களில் எழுந்த கோபுரக் கட்டடங்கள். பாரிஸ் என்றதும் மனதில் வரும் அழகு அங்கே இல்லை. ஆனால் உண்மையான லிஃப்ட் இருக்கிறது. பழைய கட்டடங்களில் ‘லிஃப்ட் உண்டு’ என்றாலும் அது படிக்கட்டுச் சுழலின் நடுவே பின்னாளில் செருகிய கூண்டு. இரண்டு பேர், அல்லது ஒருவரும் ஒரு பெட்டியும். சிலவற்றில் அரை மாடி ஏறித்தான் லிஃப்ட் கதவையே தொடலாம். இன்னொன்று, 14ஆம் எண் மெட்ரோ வழியில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. மற்ற பழைய வழிகளில் பெரும்பாலும் படிதான். முழங்கால் வலிக்கு 150 யூரோ பெரிய விலை இல்லை.

பணம் கட்டும் முன் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு அது கட்டாயம். முதல் ஐந்து இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும்: 75110 என்றால் 10ஆம் வட்டாரம், 75113 என்றால் 13. விளம்பரத்தில் ஒரு வட்டாரம், எண்ணில் வேறு வட்டாரம் என்றால் விலகிவிடுங்கள். ‘பாய் மொபிலிதே’ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் விலகுங்கள். அது மாணவர்கள், தற்காலிகப் பணியாளர்கள் போன்றோருக்கு 1 முதல் 10 மாதம் வரையான வாடகை. சுற்றுலாப் பயணிக்குப் பொருந்தாது. முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவே கூடாது.

விலையை ஒப்பிடும்போது துப்புரவுக் கட்டணமும் தங்கல் வரியும் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். வரி தலைக்கு, இரவுக்கு என்று வரும், 18 வயதுக்குக் கீழே இல்லை. 2024 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரத்தில் போக்குவரத்துக்காக 200 சதவீதம் கூடுதலாகச் சேர்த்ததால் பழைய பதிவுகளில் படிக்கும் தொகையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

விசாவுக்கு முன்பதிவு உறுதிச்சீட்டு செல்லும். முழு முகவரி, தேதிகள், உங்கள் பெயர், அம்மா பெயர் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கவேண்டும். சீட்டில் ஒருவர் பெயர்தான் வருகிறது என்றால் வீட்டுக்காரரிடம் இருவர் பெயரும் போட்ட கடிதம் கேளுங்கள். உறவினர் வீட்டில் இலவசமாகத் தங்குவோர் நகராட்சியில் வாங்கும் அழைப்புச் சான்று உங்களுக்குத் தேவையில்லை. விசா முடிவு தெரியும் வரை ரத்து செய்தால் முழுப்பணம் திரும்பும் வகையிலேயே பதியுங்கள்.

லாச்சப்பல் வாசி:

தம்பி, மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் வீட்டுக்குள்ள இருக்கிற அலுவல்களைச் சொல்றன்.

முதலாவது கதவு. இங்கத்தைய கதவுகளில் வெளிப்பக்கம் திருகு கைபிடி இல்லை, சும்மா ஒரு குமிழ்தான். காற்றுக்குச் சாத்துப்பட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் திறப்பை (சாவியை) கையில எடுத்துக்கொண்டு போங்கோ. உள்பக்கம் திறப்பைப் பூட்டிலேயே விட்டு வைக்கவும் கூடாது, பல பூட்டுகளில் அப்ப வெளியில இருந்து மற்றத் திறப்பு நுழையாது. அம்மா உள்ளே நித்திரை, நீங்கள் வெளியில் என்றால் கஷ்டம். வெளியில் அகப்பட்டால் முதலில் வீட்டுக்காரருக்குத்தான் போன் அடிக்க வேணும். தபால் பெட்டிகளுக்குள் ‘அவசரப் பூட்டுத் திருத்தல்’ என்று கலர் கலராகத் துண்டுகள் போட்டிருப்பார்கள். அந்த எண்களுக்கு அடிக்காதேங்கோ. சாத்துப்பட்ட கதவை ஒரு தகட்டால் திறக்கலாம். அவர்கள் முழுப் பூட்டையும் துளைத்துப்போட்டு நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள். யாரைக் கூப்பிட்டாலும் வேலை தொடங்க முன்னம் எழுத்தில் விலை வாங்குங்கோ.

தெருக்கதவுக்கு எண் அழுத்தித் திறக்கிற பூட்டு இருக்கும், உள்ளே இரண்டாவது கதவுக்கு இன்னொரு எண் அல்லது அழைப்பு மணி. இறங்கின உடனே ரோமிங் வேலை செய்யாமல் போகலாம், ஆனபடியால் இரண்டு எண்ணையும், மாடியையும், இடதா வலதா என்பதையும் கடதாசியில் எழுதி வைத்திருங்கோ. வாசல் கதவுகளில் வீட்டு இலக்கம் பெரும்பாலும் இராது. திறப்பைத் தெருக்கம்பியில் பூட்டின பெட்டிக்குள் வைப்பன் என்று வீட்டுக்காரர் சொன்னால் வேறு வழி கேளுங்கோ. அப்படியான பெட்டிகளை நகரசபை கழற்றுது.

சானிப்ருவாயர் என்றது கக்கூசுக்குப் பின்னால் இருக்கிற அரைக்கும் மெஷின். முன்னம் கக்கூஸ் இல்லாத அறைக்குப் பெரிய கழிவுக்குழாய் கொண்டுவர ஏலாது, அதால அலகு அரைத்து, பம்ப் மெல்லிய குழாய் வழியாகத் தள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், பிரச்சினை இல்லை. ஈரத்துடைப்பான், சானிட்டரி நாப்கின், தலைமயிர், சாப்பாட்டு மிச்சம் ஒன்றும் போடக்கூடாது, அலகில் சுற்றி நின்றுவிடும். கரண்ட் போனால் அதுவும் வேலை செய்யாது. இரவில் பக்கத்து வீடுவரை சத்தம் கேட்கும்.

குப்பை: மஞ்சள் மூடி மட்டை, கடதாசி, பிளாஸ்டிக்குக்கு, வெள்ளை மூடி கண்ணாடிப் போத்தலுக்கு, பச்சை மூடி மிச்சக் குப்பைக்கு. இரவு 10 மணிக்குப் பிறகு பலகை நிலத்தில் பெட்டி உருட்டாதேங்கோ, கீழ்வீட்டுக்காரர் வந்து தட்டுவார்.

சைவச் சாமான்கள் ஒன்றும் கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. கார் துய் நோருக்குப் பின்னால், ஃபோபூர் சான் தெனி தெருவின் மேல்பகுதி, கை தெரு, பெர்தொனே தெரு, இதைத்தான் லாச்சப்பல் என்கிறம். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மா எல்லாம் எங்கட கடைகளில் இருக்கு. நெய், பால்கோவா, பன்னீர் கொண்டுவராதேங்கோ. பால் சாமானும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். பொடியும் ஊறுகாயும் பரவாயில்லை. நீங்கள் நிற்கிற நாளில் பஜோல் தெரு மாணிக்க விநாயகர் கோயில் தேரும் வரக்கூடும், அது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஒரு ஞாயிறு. அம்மா விரும்புவா. தேதியைக் கோயில் அறிவிப்பில் பார்த்து, காலையிலேயே போங்கோ. பிறகு தெருவுக்குள் நடக்க இடம் இராது.

மின்கம்பி:

குக்கர் பற்றி யாரும் சொல்லவில்லை. பொதுவாக அடுப்பு இரண்டு வகை, இரண்டும் பார்வைக்குக் கறுப்புக் கண்ணாடிதான். ‘இன்டக்ஷன்’ என்றால் அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே சூடாகும். அலுமினிய குக்கர் வேலைக்கு ஆகாது. ‘வித்ரோசெராமிக்’ என்றால் தட்டையான அடி உள்ள எதுவும் சூடாகும், ஆனால் அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிக்கும், பருப்பு அடிபிடிக்கும். ஒரு நிமிடம் முன்னதாகவே பாத்திரத்தை நகர்த்திவிடுங்கள். வீட்டுக்காரரிடம் எது என்று கேட்டுவிட்டு, 2 லிட்டர் ஸ்டெயின்லெஸ் குக்கராக, காந்தம் வைத்துப் பார்த்து எடுங்கள். கேஸ்கெட், வெயிட் மறக்காதீர்கள், அங்கே கிடைப்பவை பொருந்தாது.

மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாற்றி பிளக் மட்டும் போதும். நம் மூன்று பின் நுழையாது. இரண்டு உருண்டைப் பின் உள்ள போன் சார்ஜர் அப்படியே நுழையும்.

சின்ன வீடுகளில் மின் இணைப்பின் அளவு 3 கேவிஏ (ஏறக்குறைய 3000 வாட்) மட்டுமே கூட இருக்கும். கெட்டில் 2000 வாட், அடுப்பின் ஒரு வளையம் 1800, ஹேர் டிரையர் 1500. மூன்றும் சேர்ந்தால் கட்டாயம் துண்டிக்கும். துண்டித்தால் பதறவேண்டாம். முதலில் வீட்டுக்குள் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து ஏதாவது நெம்புகோல் கீழே விழுந்திருக்கிறதா பாருங்கள். எல்லாம் மேலேயே இருந்தும் கரண்ட் இல்லை என்றால் துண்டித்தது மீட்டர்தான். இளமஞ்சள் பச்சை நிற ‘லிங்கி’ மீட்டர் வீட்டுக்குள்ளோ மாடிப்படி அலமாரியிலோ இருக்கும். ஒரு சாதனத்தைக் கழற்றிவிட்டு, மீட்டரில் உள்ள + பொத்தானைக் ‘க்ளிக்’ கேட்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். வந்துவிடும்.

அடுத்தது வெந்நீர். ஸ்டுடியோவில் 30 அல்லது 50 லிட்டர் தொட்டிதான் இருக்கும். 50 லிட்டர் 60 டிகிரியில் இருந்தால், 15 டிகிரி குளிர்நீரோடு கலந்து 38 டிகிரியில் சுமார் 98 லிட்டர் கிடைக்கும். ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மொத்தம் 10 நிமிடம். அதற்குள் இரண்டு பேரும் குளிக்க வேண்டும், பாத்திரமும் கழுவ வேண்டும். திரும்பச் சூடாக 1.3 கிலோவாட் ஹீட்டருக்கு 2 மணி நேரம். சில தொட்டிகள் மலிவுக் கட்டண நேரமான இரவில் மட்டும் சூடாகும்படி வைத்திருப்பார்கள். பகலில் தீர்ந்தால் மறுநாள்தான். சுவிட்சுப் பெட்டியில் அதற்குத் தனி விசை இருக்கும்: 0, ‘ஓட்டோ’, 1. 1இல் வைத்தால் உடனே சூடாகத் தொடங்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் செய்யுங்கள். 1970களின் பெரிய கோபுரங்களில் வெந்நீர் பெரும்பாலும் கட்டடத்துக்கே பொதுவாக வரும், இந்தக் கவலை இருக்காது. இரண்டாவது வீட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். 2015 மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மிளகாய் கருகினால் அலறும். கழற்றி வைக்காதீர்கள். கடுகை மூடி போட்டுக் குறைந்த சூட்டில் பொரிய விட்டாலே போதும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. சுண்ணாம்பு அதிகம், அதனால் டீ மேல் ஆடை மாதிரி படரும். கெட்டிலில் வெள்ளை படிந்திருந்தால் அரை டம்ளர் வெள்ளை வினிகர், அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கொட்டினால் போகும்.

காவேரிக்கரை:

மிக்க நன்றி. ஒலாம்பியாத் வீட்டையே பதிகிறேன், ரத்து செய்யும் வசதியோடு கிடைக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். அங்கிருந்து லாச்சப்பலுக்கு அடிக்கடி போனால் மெட்ரோ செலவு ஏறாதா? வார பாஸ் வாங்கலாமா?

பயணப்பை:

நீங்கள் இறங்குவது செவ்வாய் என்பதால் லாபம். நவிகோ என்ற வார பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும், அந்த வாரத்துக்கானதை வியாழன் வரை வாங்கலாம். விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். 2025 கட்டணப்படி ஒருவருக்கு: வார பாஸ் 31.60, அதை ஏற்றும் நவிகோ தெக்கூவெர்த் அட்டை 5, திங்களன்று திரும்பும் விமான நிலைய டிக்கெட் 13, அந்த டிக்கெட்டை ஏற்ற இன்னொரு அட்டை 2. மொத்தம் 51.60 யூரோ. தனித்தனி டிக்கெட் என்றால் விமான நிலையம் இரண்டு முறை 26, ஒரு நாளுக்கு 4 பயணம் வீதம் 5 நாளுக்கு 20 டிக்கெட் 2.50 வீதம் 50, அட்டை 2, மொத்தம் 78. ஒவ்வொரு ஜனவரியும் கட்டணம் மாறும், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

அட்டையில் 25க்கு 30 மில்லிமீட்டர் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் போடுவார். ஊரிலேயே அந்த அளவில் வெட்டி எடுத்துப் போங்கள். இருவருக்கும் தனித்தனி அட்டை. இறங்கியதும் டெர்மினல் ரயில் நிலைய கவுன்டரில் வாங்கி, ஆர்இஆர் ‘பி’ வழி ரயிலில் சாத்லே லே ஆல் நிலையம் வந்து, 14ஆம் எண் மெட்ரோவுக்கு மாறுங்கள். மாறும் இடத்தில் நடை நீளம். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், 14ஆம் எண் வண்டி சில நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும்.