ஹெட்டரோகுரோனிக் ஜீன் – காலமா, பருவமா?

ஐயா, ஹெட்டரோகுரோனிக் ஜீனுக்கு (உயிர் வளர்றப்ப செல்லு எந்தப் பருவத்துல என்ன வேலை செய்யணும்னு பாத்துக்குற ஜீன்) தமிழ்ப் பேரா நீங்க சொன்ன "வேற்றுக்கால மரபணு" கிரேக்கச் சொல்லை ரெண்டா ஒடச்சு தமிழ்ல ஒட்டினது, தப்புன்னு சொல்லல, ஆனா எனக்கு அந்த "காலம்"தான் உறுத்துது. ஏன்னா இந்த ஜீன் கெட்டுப்போன புழுவுல காலம் ஒண்ணும் நிக்கிறதில்ல.

சீ. எலிகன்ஸ் உருளைப்புழுவ எடுத்துக்குங்க, ஒரு மில்லிமீட்டர் நீளம், நாலு லார்வா பருவம், ஒவ்வொண்ணு முடியுறப்பவும் பாம்பு மாதிரி சட்டை உரிக்கும். அதுல லின்-4ங்கிற ஜீன் கெட்டுப்போனா என்ன ஆகுது? புழு வளருது, சட்டையும் உரிக்குது, சொல்லப்போனா தேவைக்கு மேலயே உரிக்குது, ஆனா உள்ள இருக்குற செல்லுங்க மட்டும் முதல் பருவத்து வேலையவே திரும்பத் திரும்ப செஞ்சிட்டிருக்கும். முட்டை போடுற துவாரமே உருவாகாது, முட்டையெல்லாம் வயித்துக்குள்ளயே பொரிச்சிடும், பாவம். லின்-14ங்கிற இன்னொரு ஜீன் செயலிழந்தா நேர் எதிர், முதல் பருவ வேலைய விட்டுட்டு ரெண்டாம் பருவ வேலைக்குத் தாவிடும், நம்ம ஊர்ல பிஞ்சுல பழுத்ததுன்னு சொல்வோமே அதுதான். ஆக தப்புறது காலம் இல்ல, பருவம். பருவம் தப்பின மழைன்னு சொல்ற நமக்கு இதுக்கா சொல்லு இல்ல? ஹெட்டரோகுரோனிக்கு "பருவந்தப்பல்"னே வச்சுடலாம்.

ஆனா ஜீனுக்கும் அதே பேரா? லின்-14 புரதம் முதல் பருவத்துல நெறைய இருக்கும், அது குறைஞ்சாத்தான் செல்லு அடுத்த பருவ வேலைக்குப் போகும், குறைக்கிறது லின்-4. அதுவும் புரதமா இல்ல, வெறும் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ, லின்-14ஓட தூது ஆர்என்ஏ (புரதம் செய்ய ஜீன்லேருந்து எடுக்குற நகல்) வால்ல போய் ஒட்டிக்கிட்டு புரதம் உருவாக விடாம பண்ணுது (1993ல ஆம்ப்ரோஸ், ரவ்குன் ரெண்டு பேரோட ஆய்வகமும் கண்டுபிடிச்சது, நோபல் வந்து சேர 2024 ஆச்சு!). அதாவது இந்த ஜீனுங்க நல்லா இருக்கறப்ப செல்லுக்கு "இப்ப நீ எந்தப் பருவம்"னு காட்டுது. நாட்காட்டி, திசைகாட்டி மாதிரி "பருவங்காட்டி மரபணு" – இது என் பரிந்துரை.

"பருவநிலை மரபணு"ன்னு ஒருத்தர் சொன்னாரு, வேண்டாங்க, பருவநிலை மாற்றம்னு பேப்பர்ல தினம் வருது, புழுவுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. "பருவமுறை"ன்னா செமஸ்டர் பரீட்சை. "புழுப்பருவ மரபணு"வும் சரிப்படாது, இதே கூட்டத்தச் சேர்ந்த லெட்-7 மனுஷன்கிட்டயும் இருக்கு, பேருல புழுவ வச்சா நாளைக்கு மாட்டிக்குவோம்.

இன்னொரு சந்தேகம், லின்-14 மாதிரி முந்திக்கிறத "முந்துபருவம்"னு சொல்லிடலாம், லின்-4 மாதிரி தேங்கிப்போறதுக்கு "பிந்துபருவம்" சரியா, இல்ல "தேங்குபருவமா"? அது லேட்டா வரல, வரவே இல்லையே, அதனால எனக்கு ரெண்டாவதுதான் படுது. அப்புறம் பருவங்காட்டியா பருவகாட்டியா, இலக்கணம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.