பழைய ராணுவ ரைபிள் வாங்கணும், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சிங்கப்பூர் யீஷூன்ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுல இருக்கேன். பத்து வருஷமா பழைய ராணுவப் பதக்கம், தொப்பி, தண்ணிக்குடுவைன்னு சேர்த்துட்டு வர்றேன். இப்ப ஆசை ஒரு லீ என்ஃபீல்டு மேல, அந்தக் கால பிரிட்டிஷ் ராணுவ ரைபிள். அதுவும் இந்தியாவுல, வங்காளத்து இஷாப்பூர் ஆலையில செஞ்ச நம்பர் 1 மார்க் 3 மாடல். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தப்ப இந்தியச் சிப்பாய்ங்க கையில இருந்தது இந்த .303 அங்குலத் தோட்டா ரகம்தான். அதனாலதான் இங்கிலாந்துல செஞ்சது எனக்கு வேண்டாம்.

சுடுறதுக்கு இல்லைங்க, சுவர்ல மாட்டத்தான். பிரிட்டன்ல ஒரு வியாபாரிகிட்ட இனி சுட முடியாதபடி செயலிழக்கச் செஞ்சது ஒண்ணு இருக்கு, புரூஃப் ஹவுஸ் (அங்க துப்பாக்கியைச் சோதிச்சு முத்திரை குத்துற அமைப்பு) சான்றிதழோட. படத்துல கட்டையும் இரும்பும் சேருற இடத்துல கிரீடம், கீழ ஜி.ஆர்.ஐ (ஜார்ஜ் மன்னரோட முத்திரை எழுத்து), இஷாப்பூர், 1941 எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா முன்கட்டையில செப்புக்கம்பி சுத்தியிருக்கு. ரைபிள்லேர்ந்து கிரனேடு (கையெறி குண்டு) வீசுறப்ப கட்டை பிளக்காம இருக்க அப்படிச் சுத்துவாங்க. இது அந்தக் காலத்துச் சுத்தா, பின்னால விலை ஏத்தச் சுத்தினதா? பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவங்க உண்டா?

பெரிய கவலை அனுமதிதான். நம்ம ஊர்ல பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருந்தாலே கேள்வி வரும். காசு கட்டுறதுக்கு முன்னாடியே போலிஸ் உரிமப் பிரிவுக்கு எழுதப் போறேன். இதுக்கு முன்னால முறைப்படி விண்ணப்பிச்சவங்க இருந்தா, என்னென்ன தாள் கேட்டாங்க, வீட்டுல வைக்க விட்டாங்களான்னு சொல்லுங்க. குறுக்கு வழி சொல்றவங்க தயவுசெஞ்சு வேண்டாம். வீட்டுக்காரம்மா ஏற்கெனவே முறைச்சுட்டு இருக்காங்க.