புதுப்பிப்பு: ரீலோட் பண்ணா கான்ஃபிக் காணாம போன ரௌட்டர், சரியாயிடுச்சு

பழைய சிஸ்கோ ரௌட்டர் ஒண்ணுல ஹோஸ்ட்நேம், ஐபி எல்லாம் போட்டு சேவ் ஆக ரைட் மெமரி கமாண்டும் குடுக்குறேன், ரீலோட் பண்ணா எல்லாம் காலியாகி நிக்குதுன்னு கேட்டிருந்தேன்ல, விடை கிடைச்சிடுச்சு. ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் அடிச்சா சேவ் பண்ணது அப்படியே இருக்கு, பூட் ஆகும்போதுதான் அதை படிக்கவே மாட்டேங்குது. ஷோ வெர்ஷன்ல கடைசி வரிய பாத்தா கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டர் (ரௌட்டர் எப்படி பூட் ஆகணும்னு சொல்ற செட்டிங்) 0x2142, சேவ் ஆன கான்ஃபிக்கை படிக்காம பூட் ஆக, பாஸ்வேர்ட் ரெக்கவரிக்கு வைக்கிற வேல்யூ அது, முன்னாடி வச்சிருந்தவர் மாத்திட்டு அப்படியே விட்டுட்டார் போல. சேவ் ஆன ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கை இப்ப ஓடுற ரன்னிங் கான்ஃபிக்குக்கு காப்பி பண்ணி, டவுனா கிடந்த இன்டர்ஃபேஸுக்கெல்லாம் அதை ஆன் பண்ற நோ ஷட்டவுன் கமாண்ட் குடுத்து (இதை விட்டா பிங் போகாது), ரிஜிஸ்டரை வழக்கமான 0x2102-க்கு மாத்தி, சேவ் பண்ணி ரீலோட் விட்டேன், இப்ப கான்ஃபிக் நிக்குது. ஃப்ளாஷ் போயிடுச்சுன்னு சொன்னவங்களுக்கு: ஃப்ளாஷ்ல இருக்கிறது ஐஓஎஸ் இமேஜ் (ரௌட்டரோட ஓஎஸ் ஃபைல்), ஸ்டார்ட்டப் கான்ஃபிக் இருக்கிறது என்விராம்ங்கிற (NVRAM) வேற மெமரில.