பொருள்: 'கேப்டிவ் பலூன்' – சிறைப் பலூன் வேண்டாம்

வணக்கம்.
போர்க்கலைச் சொற்பட்டியலில் 'கேப்டிவ் பலூன்' (தரையோடு கயிற்றால் பிணைத்து மேலே நிறுத்தும் பலூன்) என்பதற்குச் 'சிறைப் பலூன்' என்று இருக்கிறது. மாற்ற வேண்டும். இந்தப் பலூனுக்குக் கயிறு விலங்கு அல்ல, வேலை செய்யும் உறுப்பு. 1794 ஜூன் 26, ஃப்ளூருஸ் போரில் பிரெஞ்சுப் பலூன் படை அதிகாரி கூத்தெல் சுமார் ஒன்பது மணி நேரம் மேலேயே இருந்து ஆஸ்திரியப் படையின் நகர்வைப் பார்த்தார். கீழே ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவர் எழுதிய சீட்டு மணல் பையோடு இறங்கியது. கயிறு இல்லையென்றால் காற்றடித்த பக்கம் பலூன் போயிருக்கும், சீட்டு எதிரி கையில் விழுந்திருக்கும். 'கயிற்றுப் பலூன்' சரிவருமா?

மறுமொழி:
கயிறு எல்லாப் பலூனுக்கும் உண்டு ஐயா. பையைச் சுற்றிய வலையே கயிறுதான், கூடை தொங்குவதும் அதில்தான். 1870இல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது அங்கிருந்து கடிதம் சுமந்து போனவை கட்டில்லாமல் விட்டவை. ஒன்று நார்வேயில் போய் இறங்கியது. ஆகவே கட்டுப் பலூன் × விடு பலூன். தரையோடு பிணைப்பது கட்டுக்கயிறு.

மறுமொழி:
'கட்டு' என்றால் புண்ணுக்குப் போடும் கட்டு நினைவுக்கு வராதா?

மறுமொழி:
கட்டுச்சோறும் கட்டுமரமும் யாரையும் குழப்பவில்லையே!
கட்டுக்கயிற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பலூனை நிரப்பும் ஹைட்ரஜனைக் கந்தக அமிலத்தால் எடுக்கலாம்; ஆனால் கந்தகம் வெடிமருந்துக்கு வேண்டியிருந்ததால் 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த அமிலத்தைத் தொடவில்லை. செங்கல் உலையில் இரும்புக் குழாய்களைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, நீராவியை உள்ளே விட்டு ஹைட்ரஜன் எடுத்தார்கள். ஒரு பலூன் நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். இறக்கிக் காலி செய்தால் மறுபடி உலை கட்ட வேண்டும். அதனால் பிரான்சின் மொபேஜிலிருந்து ஃப்ளூருஸுக்கு அருகிலுள்ள ஷார்லெருவா வரை நிரப்பிய பலூனையே, ஆளுக்கொரு கயிறாகப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். 1861இல் வாஷிங்டனில் அமெரிக்கப் பலூன் வல்லுநர் லோ மேலிருந்து லிங்கனுக்குத் தந்தி அடித்தபோது கம்பியைத் தரைவரை இறக்க முடிந்ததற்கும் பலூன் கயிற்றில் கட்டுண்டு நின்றதே காரணம்.

மறுமொழி:
'கட்டுப் பலூன்' ஏற்கிறேன். ஆனால் உருண்டைப் பலூன் பலத்த காற்றில் சுழலும், கயிறு பக்கவாட்டில் சாய்த்து இழுக்க உயரமும் குறையும். ஆடும் கூடையில் தொலைநோக்கி பயன்படாது. அதைத் தீர்க்க 1890களில் ஜெர்மானியர்களான பார்செவாலும் ஸிக்ஸ்ஃபெல்டும் செய்த நீள்வடிவப் பலூனுக்குப் 'பட்டப் பலூன்' என்று தனிப்பதிவு போடுங்கள். காற்றை எதிர்த்து நிற்க அதற்கு நம் பட்டம் போலவே வாலும் உண்டு.